மோட்லிங்கனில் விழுந்த தட்டல்

தொடர்: நோயும் வேண்டுதலும் – 9

சென்ற அத்தியாயத்தை காஸ்னர் பாதிரியாரின் மரணத்தோடு நிறுத்தியிருந்தோம். நோயைப் பார்த்து லத்தீனில் ஆணையிட்டு, அதை வரவழைத்து, மறுபடி ஆணையிட்டுத் துரத்தியவர் அவர். 1775-இல் எல்வாங்கன் நகரையே நோயாளிகளால் நிரப்பினார். பேரரசர் இரண்டாம் ஜோசப் முகம் சுளித்தார். போப்பாண்டவர் ஆறாம் பயஸும் கைவிட்டார். கடைசியில் போண்டார்ஃப் என்ற சிற்றூரில் ஒதுங்கி 1779-இல் காலமானார். அவர் செய்ததெல்லாம் தனக்கே தெரியாமல் செய்த காந்த சிகிச்சை என்று மெஸ்மர் என்ற மருத்துவர் தீர்ப்புச் சொன்னதும், படித்தவர்கள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டதும் நினைவிருக்கும். பேய் பிசாசுப் பேச்சு அத்தோடு முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

எழுபது ஆண்டுகூட ஆகவில்லை. அதே தென் ஜெர்மனியில், இம்முறை கத்தோலிக்கரிடையே அல்ல, லுத்தரன் சபையில், அந்தப் பேச்சு மறுபடி எழுந்தது. எழுப்பியவர் அதை விரும்பி எழுப்பவும் இல்லை. கூடிய வரை தள்ளிப்போகப் பார்த்த ஒரு கிராமப் போதகர் அவர்.

மந்திரமும் தர்க்கமும் ஒரே மண்ணில்

வுர்ட்டம்பர்க் அரசு அன்று விசித்திரமான ஒரு நாடு. ஒரு பக்கம் டூபிங்கன் பல்கலைக்கழகம். அங்கே படித்த டேவிட் ஃபிரெடரிக் ஸ்ட்ராவுஸ் 1835-இல் இயேசுவின் வாழ்க்கையைப் பற்றி ஒரு நூல் எழுதி, சுவிசேஷங்களில் வரும் அற்புதங்கள் புராணக் கதைகளே என்றார். அந்த நூலால் அவருக்கு வேலை போனது. மறுபக்கம், அதே நாட்டின் வைன்ஸ்பெர்க் ஊரில் யுஸ்டீனுஸ் கெர்னர் என்ற மருத்துவர். கவிஞரும்கூட. ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன ஒரு பெண்ணைத் தன் வீட்டிலேயே வைத்துக் கவனித்து, அவரைப் பற்றி 1829-இல் புத்தகம் வெளியிட்டார். வாசகர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று கிராமம் கிராமமாக வேரோடியிருந்தது: பியட்டிசம் எனப்படும் பக்தி இயக்கம். வேதத்தை வீட்டில் கூடி வாசிப்பது, மனந்திரும்புதலை வலியுறுத்துவது, வெளிநாட்டுக்கு ஊழியர்களை அனுப்புவது என்று இயங்கியவர்கள் இவர்கள். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு இந்த இயக்கத்தின் பிள்ளைதான்.

ஜோஹான் கிறிஸ்டாஃப் பிளும்ஹார்ட் 1805-இல் ஸ்டட்கார்ட் நகரில் பிறந்தது இப்படியொரு பக்திக் குடும்பத்தில். டூபிங்கனில் இறையியல் முடித்து, 1830-இல் பாசல் மிஷன் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போகவிருந்த இளைஞர்களுக்கு எபிரேயம் சொல்லிக்கொடுத்தார். அவர் அங்கே இருந்த காலத்தில்தான், 1834-இல், பாசலின் முதல் மூன்று ஊழியர்கள் நம் மேற்குக் கரையில் வந்திறங்கினார்கள். ஓடும் நெசவும் என்று மங்களூரிலும் கோழிக்கோட்டிலும் பின்னாளில் கொடிகட்டிப் பறந்த அதே பாசல் மிஷன்தான்.

1838-இல் பிளும்ஹார்ட்டுக்கு மோட்லிங்கன் சபை கிடைத்தது. கருங்காட்டு ஓரத்தில், கால்வ் நகருக்கு அருகே, சில நூறு பேர் வாழ்ந்த விவசாயக் கிராமம். முன்பு அங்கிருந்த போதகர் பார்த் நாடறிந்த பேச்சாளர். நூல் வெளியீட்டுப் பணிக்காகக் கால்வ் நகருக்குக் குடிபெயர்ந்திருந்தார். நல்ல பிரசங்கங்களைக் கேட்டுக் கேட்டே அலுத்துப்போன சபை அது. ஞாயிறு ஆராதனையில் பாதிப் பேர் உறங்கினார்கள். புதுப் போதகர் வந்த பிறகும் உறக்கம் கலையவில்லை.

ஒரு கீழ்த்தளக் குடித்தனம்

கோட்லீபின் டீட்டுஸ் அந்த ஊர்ப் பெண். 1815-இல் பிறந்தவர். பெற்றோர் இல்லை. உடன்பிறந்தவர்களோடு 1840-இல் ஒரு வீட்டின் கீழ்த்தளத்துக்குக் குடிவந்தார். பல வீடுகளில் வேலைக்காரியாக இருந்தவர். நோய்கள் பல பட்டு உடம்பு நலிந்திருந்தது. பார்த் காலத்துப் பிரசங்கங்களை மனதில் ஏற்றிக்கொண்ட பக்தியுள்ள பெண். ஆனால் புதுப் போதகருக்கு அவரைக் கண்டாலே ஏனோ ஒட்டவில்லை. இதைப் பிளும்ஹார்ட்டே பிறகு ஒளிக்காமல் எழுதினார்.

குடிவந்த நாளிலிருந்து அந்த வீட்டில் இரவில் சத்தங்கள் கேட்டன. முதலில் உரசல், நடமாட்டம், பிறகு தட்டல். மேல்மாடியில் இருந்தவர்களுக்கும் கேட்டது. இறந்துபோன ஓர் ஊர்ப் பெண், கையில் இறந்த குழந்தையோடு வந்து நிற்பதாகக் கோட்லீபின் சொன்னார். வெளியே சொன்னால் கேலி செய்வார்களே என்று குடும்பம் ஓராண்டுக்கு மேல் வாய்திறக்கவில்லை. 1842 கோடையில் தட்டல் தெருவுக்கே கேட்கத் தொடங்கியதும் விஷயம் போதகரிடம் வந்தது.

பிளும்ஹார்ட் முதலில் செய்த காரியம் ஜெபம் அல்ல, சோதனை. அந்த ஜூன் மாதத்தில் ஓர் இரவு, ஊர்த் தலைவரையும் நம்பிக்கையான சில ஆண்களையும் கூட்டிக்கொண்டு, முன்கூட்டிச் சொல்லாமல் போய், இருவர் இருவராக வீட்டுக்குள்ளும் வெளியிலும் நிறுத்தினார். மூன்று மணி நேரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பலத்த தட்டல்களைக் கேட்டதாக அவர் குறித்திருக்கிறார். எல்லாம் அறையின் ஒரே இடத்தில் விழுந்தன. நாற்காலி துள்ளியது, சன்னல் அதிர்ந்தது, கூரைப் பூச்சு உதிர்ந்தது என்கிறது குறிப்பு. பிறகு தரைப்பலகையைப் பெயர்த்துப் பார்த்தபோது காகிதத்தில் மடித்த பொடிகள், காசு, சிறு எலும்புகள் எல்லாம் கிடைத்தன. குழந்தையின் எலும்போ என்ற பயத்தில் கால்வ் நகருக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். பறவை எலும்பு என்று தெரிந்தது.

யாரோ எப்போதோ வைத்த செய்வினை என்று நம் கிராமத்தில் சொல்லியிருப்பார்கள். அங்கேயும் அதைத்தான் சொன்னார்கள். பிளும்ஹார்ட் உடனே கோட்லீபினை உறவினர் வீட்டுக்கு மாற்றினார். வேடிக்கை பார்க்கப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த கூட்டத்தைக் கலைப்பதுதான் அப்போது அவருடைய முதல் கவலை.

மருத்துவர் கேட்ட கேள்வி

இடம் மாறியும் தீரவில்லை. இப்போது வீட்டை விட்டு ஆளையே பிடித்தது. உடல் வில்லாக வளைந்து, நுரை தள்ளி, மணிக்கணக்கில் வலிப்பு. பக்கத்து ஊரிலிருந்து டாக்டர் ஷ்பேட் வந்து பார்த்தார். இரவெல்லாம் அறையிலேயே இருந்தும் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. நோயாளி இப்படிக் கிடக்கிறாளே, இந்த ஊரில் போதகர் என்று ஒருவர் இல்லையா என்று அவர் கேட்டாராம். இது இயற்கையான நோயல்ல என்றும் சொன்னார். மருத்துவருக்கு மாற்றாகத் தன்னை முன்னிறுத்திக்கொண்டவர் அல்ல பிளும்ஹார்ட். மருத்துவர் குத்திக்காட்டிய பிறகே போனார். இந்த வரிசையை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்பவர்கள் இன்று நிறையப் பேர்.

ஒருநாள் வலிப்பின் நடுவே அவர் கோட்லீபினின் கைகளைப் பிடித்துக் குவித்து, இயேசுவே உதவும் என்று சொல்லச் சொன்னார். பிசாசு செய்வதைப் பார்த்தது போதும், இனி ஆண்டவர் செய்வதைப் பார்ப்போம் என்ற பொருளில் உரக்கச் சொன்னார். பெண் அந்தச் சிறு ஜெபத்தைச் சொன்னார், வலிப்பு நின்றது. தன் வாழ்க்கை திசைமாறிய கணம் அதுதான் என்று பிளும்ஹார்ட் பிறகு குறித்தார்.

சில மணி நேரத்தில் வலிப்பு திரும்பியது. மறுபடி ஜெபம். மறுபடி ஓய்வு. இப்படியே ஒன்றரை ஆண்டு.

இந்த ஒன்றரை ஆண்டில் அவர் வகுத்துக்கொண்ட முறை கவனிக்கத்தக்கது. தனியாக ஒருபோதும் போனதில்லை. ஊர்த் தலைவரோ வேறு பெரியவரோ சாட்சியாக உடன் இருந்தார்கள். காஸ்னரைப் போல நோயை வரவழைத்துக் காட்டியதில்லை. சிலுவை, புனித நீர், பேயோட்டும் சடங்கு எதுவும் கிடையாது. லுத்தரன் போதகருக்கு அவை வழக்கமும் இல்லை. வேதவசனம், சுருக்கமான ஜெபம், பிற்பாடு உபவாசம். அவ்வளவே. அந்தப் பெண்ணின் வாய்வழியாகக் குரல்கள் பேசியபோதும் அவற்றோடு பேச்சு வளர்ப்பதைத் தவிர்க்கவே முதலில் முயன்றார். ஆனால் முழுக்கத் தவிர்க்க முடியவில்லை. குரல்கள் தங்களை இறந்தவர்களின் ஆவிகள் என்றன, இளைப்பாற இடம் கேட்டன. லுத்தரன் போதனையில் இடமே இல்லாத இந்தப் பேச்சு அவரைக் குழப்பியது. குழப்பத்தை மறைக்காமல் அப்படியே எழுதிவைத்தார்.

ஆணி, ஊசி, கண்ணாடித் துண்டு போன்றவை கோட்லீபினின் உடலிலிருந்து வெளிவந்ததாகவும் போதகர் பிறகு எழுதிய அறிக்கை சொல்கிறது. அவர் தற்கொலைக்கு முயன்றதையும் சொல்கிறது. நம்புவதா என்று வாசகர் கேட்பார். அறிக்கையை எழுதியவர் பொய் சொல்லக்கூடியவர் என்று அவருடைய எதிரிகள்கூடச் சாதித்துவிடவில்லை. கண்டதாக நினைத்ததை எழுதினார் என்ற அளவில் வரலாறு நின்றுகொள்ளலாம்.

டிசம்பர் 28, அதிகாலை இரண்டு மணி

1843 கிறிஸ்துமஸ் வாரத்தில் நோய் கோட்லீபினோடு நிற்கவில்லை. அண்ணனையும் அக்கா காத்தரினாவையும் பிடித்தது. காத்தரினா கதறிய கதறலில் தூங்கிக்கொண்டிருந்த ஊரே விழித்துக்கொண்டது. டிசம்பர் 28 அதிகாலை இரண்டு மணி சுமாருக்கு, அந்த அக்காவின் வாயிலிருந்து மூன்று சொற்கள் பெருங்குரலாக வந்தன. இயேசுவே வெற்றியாளர் என்று பொருள். அத்துடன் ஆட்டம் அடங்கியது. விடிவதற்குள் மூவரும் சுகமாயிருந்தார்கள். பழைய வடிவத்தில் அந்த நோய் பிறகு திரும்பவில்லை.

பேயோட்டும் கதைகளில் பெரும்பாலானவை இங்கே முடிந்துவிடும். திரைப்படம் என்றால் இந்த இடத்தில் மணியடிக்கும். மோட்லிங்கனின் வரலாறு உண்மையில் தொடங்குவது இதற்கு அடுத்த வாரத்தில்தான்.

கதவைத் தட்டியவர்கள்

1844 புத்தாண்டையொட்டி ஊரில் கெட்ட பெயர் எடுத்திருந்த ஓர் இளைஞன் போதகர் வீட்டுக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது. தன் பாவங்களைச் சொல்ல வேண்டும் என்றான். பிளும்ஹார்ட்டுக்கு நம்பிக்கை இல்லை. அவனைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அவன் திரும்பத் திரும்ப வந்து கெஞ்சி, எல்லாவற்றையும் சொல்லி முடித்து, தனக்கு மன்னிப்பு உண்டென்று போதகர் வாயால் கேட்க வேண்டும் என்று நின்றான். தலையில் கைவைத்து மன்னிப்பைச் சொன்னார். முழந்தாளிலிருந்து எழுந்தவன் முகமே வேறாக இருந்தது என்று எழுதியிருக்கிறார்.

அவன் போய் நண்பர்களை அனுப்பினான். அவர்கள் தங்கள் வீட்டாரை அனுப்பினார்கள். பிப்ரவரி முடிவதற்குள் காலை முதல் இரவு வரை போதகர் வீட்டு முன்னறையில் வரிசை நின்றது. திருடிய பொருள்கள் உரியவர் வீடு திரும்பின. பேச்சுவார்த்தை அறுந்த குடும்பங்கள் சேர்ந்தன. மாட்டுக்கும் மனிதனுக்கும் மந்திரித்தது, வசியம், தாயத்து வகையறா எத்தனை வீட்டில் புழங்கியது என்பது போதகருக்கே அப்போதுதான் தெரியவந்தது. ஆராதனையில் உறங்குவதும் நின்றது.

மன்னிப்புச் சொல்லித் தலையில் கைவைத்தபோது நெடுநாள் வலி தீர்ந்ததாகச் சிலர் சொன்னார்கள். அதற்காக யாரும் வரவில்லை. வந்த இடத்தில் நடந்தது. செய்தி பரவியதும்தான் அதற்காகவே வரத் தொடங்கினார்கள். கண் நோய், தோல் நோய், மூட்டு வலி, மனக் கலக்கம் என்று பக்கத்துச் சபைகளிலிருந்தும் பக்கத்து நாடுகளிலிருந்தும். ஞாயிற்றுக்கிழமைகளில் சிறிய ஆலயம் கொள்ளாமல் சன்னலுக்கு வெளியே நின்று பிரசங்கம் கேட்டார்கள். தங்கள் ஆடுகள் வேறு பட்டிக்குப் போவதைப் பக்கத்துப் போதகர்கள் ரசிக்கவில்லை. மருத்துவர்களும் புகார் செய்தார்கள்.

1844 ஆகஸ்டில், திருச்சபை மேலிடம் கேட்டதன்பேரில், கோட்லீபினின் நோய் வரலாற்றை பிளும்ஹார்ட் எழுதி அனுப்பினார். ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். ரகசியம் சில வாரம்கூடத் தாங்கவில்லை. கைப்பிரதிகள் நாடெங்கும் சுற்றின. ஒவ்வொரு பிரதியிலும் ஒரு பேய் கூடுதலாகச் சேர்ந்தது. பிறகு டாக்டர் த வாலென்டி என்பவர் பிளும்ஹார்ட்டைக் கடுமையாகத் தாக்கி எழுத, 1850-இல் இவர் மறுப்பு நூல் வெளியிட வேண்டிவந்தது. வாலென்டி நாத்திகர் அல்ல; பக்தியுள்ள கிறிஸ்தவர், மருத்துவம் படித்தவர். விசுவாசிகளுக்குள்ளேயே இந்த விவகாரம் எப்படிப் பிளவு உண்டாக்கியது என்பதற்கு இதுவே சாட்சி.

மேலிடத்து உத்தரவு

1846-இல் மேலிடம் வாய் திறந்தது. சுகமளித்தலைப் போதகப் பணியோடு கலக்கக் கூடாது. நோயாளிகளை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வெளியூரார் மேல் கைவைக்கக் கூடாது. எல்வாங்கனில் காஸ்னருக்கு வந்த அதே சுவர்.

பிளும்ஹார்ட் வழக்காடவில்லை, சபையை உடைத்துக்கொண்டு வெளியேறவும் இல்லை. உத்தரவுக்குப் பணிந்தார். வந்த நோயாளிகளிடம், தனியாகப் பார்க்க இயலாது, ஆராதனையில் உட்கார்ந்து கேளுங்கள், நானும் உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்றார். கைவைக்காமலேயே ஆலயத்தில் உட்கார்ந்தவர்களில் சிலர் சுகம் பெற்றார்கள் என்று அவர் பிறகு சொன்னபோது, அதில் சற்றுக் குறும்பும் தெரிகிறது. தனக்குப் பேயோட்டும் வரம் உண்டென்று அவர் எங்கும் உரிமை கொண்டாடவில்லை. மோட்லிங்கனில் நடந்ததைப் பிறர் நகலெடுக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்.

ஆனாலும் கிராமப் போதகர் வீடு அவருக்குப் போதவில்லை. 1852-இல், கோப்பிங்கன் அருகே மலையடிவாரத்தில், பாட் போல் என்ற இடத்தை வாங்கினார். 1595-இல் ஒரு பிரபு கட்டிய கந்தக ஊற்றுக் குளியல் விடுதி அது. அரசர் முதலாம் வில்ஹெல்ம் காலத்தில் பெரிதாக்கப்பட்டு, வருமானம் இல்லாமல் அரசுக்குச் சுமையாகிக் கிடந்தது. பிளும்ஹார்ட் கையில் அது களைத்தவர்கள் வந்து தங்கும் இல்லமானது. சீமாட்டியும் சமையல்காரியும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். வேதபாடம் பெரும்பாலும் சாப்பாட்டு மேசையிலேயே நடந்தது. குளிக்க ஊற்று, நடக்க மலை, ஓய்வு, ஒழுங்கான உணவு, ஜெபம். மனநோய்க்கு அன்றைய விடுதிகள் சங்கிலியும் குளிர்நீரும் வைத்திருந்தன என்பதை நினைத்துக்கொண்டால் இதன் மதிப்பு விளங்கும்.

கோட்லீபின் என்ன ஆனார்?

இந்த மாதிரிக் கதைகளில் நோய் தீர்ந்தவரை யாரும் பின்தொடர்வதில்லை. பேய் போனதும் ஆளும் கதையிலிருந்து போய்விடுவார். கோட்லீபின் அப்படிப் போகவில்லை.

சுகமானபின் மோட்லிங்கனில் சிறு குழந்தைகளுக்கான பள்ளியை நடத்தினார். போதகர் வீட்டுக்கே வந்து, குடும்பத்தில் ஒருவரானார். பாட் போலுக்கு எல்லோரும் குடிபெயர்ந்தபோது கூடவே போய், அந்தப் பெரிய விடுதியின் உள்நிர்வாகத்தைத் தாங்கிய தூண்களில் ஒருவரானார். 1855-இல் தியோடார் பிரோடர்சன் என்பவரை மணந்தார். மூன்று ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். மனக் கலக்கத்தோடு வருபவர்களைக் கையாள்வதில் அவருக்கு இருந்த பொறுமையையும் கூர்மையையும் பிளும்ஹார்ட் நம்பியிருந்தார். 1872-இல் இறந்தார். அந்த டிசம்பர் இரவுக்குப் பிறகு 28 ஆண்டுகள்.

பிற்கால மனநல அறிஞர்கள் இந்த வழக்கை விடவில்லை. கெட்டானோ பெனடெட்டி என்ற மனநல மருத்துவர் 1960-இல் இதை உளச்சிகிச்சைக் கண்ணோடு ஆராய்ந்தார். ஆழ்மனத்தின் வரலாற்றை எழுதிய ஹென்றி எலன்பெர்கரும் இதற்கு இடம் கொடுத்தார். ஹிஸ்டீரியா என்ற பெயர் சொல்லி அவர்கள் தள்ளிவிடவில்லை. கைவிடப்பட்ட ஒரு பெண்ணை ஒருவர் ஒன்றரை ஆண்டு விலகாமல் இருந்து கவனித்தார், அவரிடம் பயப்படவில்லை, அவரை வெறுக்கவில்லை, தன் இயலாமையையும் ஒத்துக்கொண்டார்; இதில் உளச்சிகிச்சையின் முன்னோடி வடிவத்தைக் கண்டார்கள். இறையியலாளர்களோ இரண்டாகப் பிரிந்தார்கள். ருடால்ஃப் புல்ட்மானுக்கு இந்தக் கதைகள் அருவருப்பு. கார்ல் பார்த்துக்கோ அந்த அதிகாலைக் கூக்குரல் தன் பெருநூலில் ஒரு பகுதியின் தலைப்பாகும் அளவுக்கு முக்கியம். மோட்லிங்கனின் பழைய போதகர் பார்த்துக்கும் இவருக்கும் பெயர் ஒற்றுமை மட்டுமே.

மகன் எடுத்த திருப்பம்

தட்டல் உச்சத்தில் இருந்த அதே 1842 ஜூனில் பிளும்ஹார்ட்டுக்கு ஒரு மகன் பிறந்தான். தந்தை 1880-இல் மறைந்ததும் பாட் போலை ஏற்று நடத்தியவர் இந்த மகன், கிறிஸ்டாஃப். அவருடைய ஜெபத்துக்கும் கூட்டம் திரண்டது. அதுவே அவருக்கு உறுத்தியது. உடம்பு சுகமானால் போதும், மற்றதெல்லாம் பழையபடி இருக்கட்டும் என்று நினைப்பவர்களே அதிகம் வருகிறார்கள் என்று கண்டார். 1880-களின் முடிவில் பொது நிலையில் சுகமளிப்பதிலிருந்து பின்வாங்கினார்.

அடுத்து அவர் போன இடம் யாரும் எதிர்பாராதது. தொழிற்சாலைத் தொழிலாளர்களின் கூட்டங்களில் பேசினார்; 1899-இல் சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார். போதகர் பட்டத்தைத் துறக்கும்படி திருச்சபை கேட்டது, துறந்தார். 1900 முதல் 1906 வரை வுர்ட்டம்பர்க் சட்டமன்றத்தில் கோப்பிங்கன் தொகுதியின் உறுப்பினர். தந்தை ஒரு பெண்ணின் உடலில் கண்ட தளையை மகன் ஆலை வாசலில் கண்டார் என்று இதைச் சுருக்கலாம்.

பாட் போலுக்கு எல்லோரும் சுகம் பெறவே வந்தார்கள், எல்லோரும் பெற்றார்கள் என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. 1892-இல் மவுல்புரோன் மடப் பள்ளியிலிருந்து ஓடிப்போன ஒரு பதினான்கு வயதுப் பையனைப் பெற்றோர் பாட் போலுக்கு அழைத்து வந்தார்கள். சில வாரங்களில் பையன் துப்பாக்கி வாங்கித் தற்கொலைக்கு முயன்றான். கிறிஸ்டாஃப் பிளும்ஹார்ட் கைவிரித்து, அவனை ஷ்டெட்டன் ஊரிலுள்ள காப்பகத்துக்கு அனுப்பச் சொன்னார். பையனின் பெயர் ஹெர்மன் ஹெஸ்ஸே. சித்தார்த்தன் எழுதி, 1946-இல் நோபல் பரிசு பெற்ற அதே ஹெஸ்ஸே. அவருடைய தாய் மேரி பிறந்தது நம் தலச்சேரியில். தாய்வழிப் பாட்டனார் ஹெர்மன் குண்டர்ட், திருநெல்வேலியில் தமிழ் பழகி, பாசல் மிஷனில் சேர்ந்து, மலையாளத்துக்கு அகராதி தந்தவர். ஜெர்மனி திரும்பிய குண்டர்ட் கால்வ் நகரில் யாருடைய பதிப்பகப் பணியை ஏற்றார் என்று பார்த்தால், மோட்லிங்கனில் பிளும்ஹார்ட்டுக்கு முன்பிருந்த அதே போதகர் பார்த்தின் பணியை. சில நூறு மைல் சுற்றளவுக்குள் ஒரே குடும்பம் போல வாழ்ந்தவர்கள் இவர்கள். ஒருவருக்கு விடுதலை கிடைத்த வீட்டில் இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை.

பாட் போலில் மிஞ்சியது

விடுதலை ஜெபமும் சுகமளிக்கும் கூட்டமும் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்குப் புதிதல்ல. மைதானம், மேடை, ஒலிபெருக்கி, சாட்சி சொல்ல வரிசை. அவற்றில் ஆறுதல் பெற்றவர்களை நானும் அறிவேன்; மருந்தை நிறுத்திவிட்டு மோசம்போனவர்களையும் அறிவேன். அந்த மேடைகளில் சில சமயம் பிளும்ஹார்ட்டின் பெயரும் மோட்லிங்கனின் கூக்குரலும் ஒலிப்பதுண்டு. அந்தப் பெயரைச் சொல்கிறவர்கள் அவருடைய முறையையும் சேர்த்துச் சொல்வது நியாயம். மருத்துவர் சொன்ன பிறகே போனார். தனியாகப் போகவில்லை. நோயாளியைக் கூட்டத்துக்கு முன் நிறுத்தவில்லை. புரியாததைப் புரியவில்லை என்றே எழுதினார். தடை வந்தபோது பணிந்தார். நோய் தீர்ந்த பெண்ணுக்குத் தன் வீட்டில் இடமும் வேலையும் கொடுத்தார்.

கிறிஸ்டாஃப் 1919-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு பாட் போல் ஹெர்ன்ஹூட் சகோதர சபையின் கைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-இல் அங்கேதான் ஜெர்மனியின் முதல் சுவிசேஷ அகாதமி தொடங்கப்பட்டது. குற்றமும் பொறுப்பும் மறுகட்டுமானமும் பேச, தோற்றுப்போன ஒரு நாட்டின் மக்கள் அங்கே கூடினார்கள். தந்தையும் மகனும் கோட்லீபினும் அருகிலேயே, அந்த வீட்டாருக்கென்று ஒதுக்கிய சிறிய கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள்.

அடுத்த அத்தியாயம்: பிரான்சின் லூர்து நகர். அற்புதங்களைப் பதிவுசெய்ய மருத்துவர்களையே உட்காரவைத்த ஒரு திருத்தலத்தின் கதை.

(தொடரும்)